கூழை காக்கும் எறிஞர்

போரைத் தொடங்கச் செல்பவனுக்குக் கொடியும் முரசும் உண்டு. தன் படை முறிந்து பின்வாங்கும் வேளையில், ஒருவனாய்ப் பின்னே நின்று தொடர்ந்து வரும் பகையைத் தடுப்பவனுக்கு அவை இல்லை. ஆயினும் தமிழ்ப் பொருளிலக்கணம் கண்டவர்கள் இப்பின்னவனின் மறத்தைத் தனியே அறிந்து, அதற்கென ஒரு துறையும் வகுத்தனர். எருமை மறம் என்பது அத்துறையின் பெயர். தொல்காப்பியர் இதனைத் தும்பைத் திணையுள் வைத்தார். ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் தும்பைப் படலத்துள் வைத்தார். புறநானூற்றின் 274, 275 ஆம் பாடல்கள் இத்துறையின்பாற் படுவன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருவழக்காயுள்ள பேஸ்பால் ஆட்டத்தில் ‘ரிலீப் பிட்சர்’ எனப்படுபவரின் தொழில் இத்துறையோடு வியக்கத்தக்க ஒப்புமை உடையது. அத்தொழில் இன்னதென அறிந்தபின், அதனை மேற்கொண்ட இந்தியரான ரிங்கு சிங்கின் வாழ்க்கையை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினா எழுகின்றது.

சொல்லும் பொருளும்

‘ரிலீப்’ என்னும் சொல் மலேசியத் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. விடுப்பிலுள்ள ஆசிரியரின் வகுப்பை வேறோர் ஆசிரியர் ஏற்கும்போது, ‘இன்று எனக்கு இரண்டு ரிலீப்’ என்பது ஆசிரியர் அறையிற் கேட்கும் பேச்சு. இரயில்வேக் குடியிருப்புகளோடு வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தார்க்கும் அச்சொல் பழக்கமானதே. பணி நேரம் முடிந்தவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வருபவர் ‘ரிலீப்’ ஆவார்.

இவ்விரு வழக்கிலும் பொதுவான பொருள் ஒன்றுண்டு. வருபவர் வெறும் இடத்தை ஏற்பதில்லை. ஒரு நிலைமையை ஏற்கின்றார். பாதியில் நின்ற பாடமும், வகுப்பின் இரைச்சலும் அவர் உண்டாக்கியவை அல்ல. ஆயினும் மணி அடிக்கும்வரை அவற்றுக்கு அவரே பொறுப்பாளி. பேஸ்பாலில் மாற்றாக வரும் எறிஞரின் நிலையும் இதுவே. அவரை இங்கு மாற்றெறிஞர் என்று குறிப்பது விளக்கத்துக்கு எளிதாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

கிரிக்கெட் அறிந்தவர்க்குப் பேஸ்பாலை விளக்குதல் எளிது. சாஃப்ட்பால் அறிந்தவர்க்கு இன்னும் எளிது. மலேசியப் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடப்பெறுவதால், அதன் வைர வடிவத் திடலை மாணவர் பலர் கண்டிருப்பர். நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் உள்ளன. பந்தை அடித்தவர் அவற்றை முறையே தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கு மீண்டால் ஓர் ஓட்டம். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் இன்னிங்ஸ் முடியும்.

எறிஞர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள சிறு மண்மேட்டில் நின்று, பந்தைத் தரையிற் குத்தாமல் நேரே எறிவார். மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியில், தளத்தின் அகலத்துக்குள் பந்து சென்றால் அது ‘ஸ்டிரைக்’. மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்டிரைக்தான். மட்டையாளர் வீசாதிருக்க, அவ்வெளிக்குப் புறத்தே சென்ற எறி ‘பால்’ எனப்படும். மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளர் ஆட்டமிழப்பார். நான்கு பால் ஆயின் முதல் தளத்துக்கு நடந்தே செல்வார்.

கிரிக்கெட்டினின்று இது வேறுபடும் இடம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர்கள் ஓவருக்கு ஓவர் மாறுவர். ஓய்ந்தவர் பின்னர் மீண்டும் வீச வரலாம். பேஸ்பாலில் ஒருவரே தொடர்ந்து எறிவார்; ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் அன்று மீண்டும் இறங்க முடியாது. சாஃப்ட்பாலில் தொடக்க ஆட்டக்காரர் வெளியேறி ஒருமுறை திரும்பலாம் என்னும் சலுகை உண்டு. தொழில்முறைப் பேஸ்பாலில் அதுவும் இல்லை. ஆகவே எறிஞரை மாற்றுதல் திரும்பப் பெற இயலாத முடிவு.

அழைப்பு வரும் வேளை

பேஸ்பாலின் தொடக்கக் காலத்தில், ஆட்டத்தைத் தொடங்கிய எறிஞரே முடித்தும் வைப்பார். இடையில் விலகுதல் தோல்வியின் அடையாளமாகக் கருதப்பட்டது. மாற்றாக வருபவரும் தொடக்க எறிஞராகத் தேறாதவர் என்றே மதிக்கப்பட்டார். காலப்போக்கில் இரண்டு உண்மைகள் தெளிவாயின. முதலாவது, எறியும் கை களைக்கும். இக்காலத்தில் நூறு எறிகளை அண்மியதுமே தொடக்க எறிஞரை விலக்குவது பெருவழக்கு. இரண்டாவது, ஒரே எறிஞரை மூன்றாம் முறை சந்திக்கும் மட்டையாளர் அவருடைய பந்தின் போக்கை அறிந்துகொள்கின்றார். புதிய கை, புதிய கோணம், புதிய வேகம் ஆகியவை அந்த அறிவைப் பயனற்றதாக்கும்.

திடலின் ஓரத்தில் ‘புல்பென்’ என்னும் தடுப்புக்குள் மாற்றெறிஞர்கள் காத்திருப்பர். பயிற்சியாளரிடமிருந்து தொலைபேசி வந்ததும், ஒருவர் எழுந்து எறிந்து எறிந்து தோளைத் தயார் செய்துகொள்வார். சில நாள் அவ்வாறு தயாராகியும் அழைப்பு வராது. அந்த உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இவர்களுள்ளும் பிரிவுகள் பல. தொடக்க எறிஞர் விரைவில் வீழ்ந்தால் மூன்று நான்கு இன்னிங்ஸ் தாங்குபவர் ஒருவர்; ஏழாம் எட்டாம் இன்னிங்ஸைக் காப்பவர் ஒருவர்; ஒன்பதாவதில் வந்து ஆட்டத்தை முடிப்பவர் ஒருவர். இடக்கை மட்டையாளர் ஒருவரை மட்டும் எதிர்கொண்டு திரும்பும் இடக்கை எறிஞர்களும் ஒரு காலத்தில் இருந்தனர். 2020 முதல் மேஜர் லீக் ஆட்டத்தில், மாற்றெறிஞர் குறைந்தது மூன்று மட்டையாளரை எதிர்கொள்ள வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி செய்ததால், அத்தனிப் பிரிவு மறையலாயிற்று.

கணக்கேட்டின் நீதி

மாற்றெறிஞரின் தொழிலை உணர்வதற்கு, அவருடைய வரவு செலவு எழுதப்படும் முறையை அறிதல் இன்றியமையாதது. எறிஞரின் தரத்தை, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்னும் சராசரியால் அளப்பர். எண் குறையக் குறைய எறிஞர் சிறந்தவர். களத்தடுப்புப் பிழையால் வந்த ஓட்டங்களை இதிற் சேர்ப்பதில்லை.

ஏழாம் இன்னிங்ஸில் தொடக்க எறிஞர் மூன்று தளங்களிலும் எதிரணியாரை நிற்கவிட்டு விலகுகின்றார் எனக் கொள்வோம். மாற்றெறிஞர் வருகின்றார். முதல் எறியிலேயே அடி வாங்கி, இருவர் ஓடி முடித்துவிட்டால், அவ்விரண்டு ஓட்டங்களும் விலகிச் சென்றவர் கணக்கில் எழுதப்படும். ஏனெனில் அவர்களைத் தளத்தில் ஏற விட்டவர் அவரே. மாற்றெறிஞரின் சராசரிக்கு இதனால் ஊறில்லை. ஆட்டமோ கைநழுவிப் போயிருக்கும். மாறாக, மூவரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தி அவர் மீண்டால், காக்கப்படுவது முன்னவரின் சராசரி. வந்தவர் கணக்கில் ஓர் இன்னிங்ஸ் கூடும், அவ்வளவே. அவருடைய தலையாய பணி அவருடைய சராசரியில் தோன்றுவதே இல்லை.

இக்குறையை உணர்ந்தவர் சிகாகோ நகரின் விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன். அவர் வகுத்த ‘சேவ்’, அதாவது காப்பு, என்னும் கணக்கை மேஜர் லீக் 1969இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. இன்றைய விதியின்படி, தன் அணி வென்ற ஆட்டத்தை இறுதியில் முடித்துவைத்தவராகவும், வெற்றி எறிஞர் என எழுதப்படாதவராகவும் இருப்பவரே காப்புப் பெறலாம். அவர் மூன்று ஓட்டத்துக்கு மேற்படாத முன்னிலையில் வந்து ஓர் இன்னிங்ஸாவது எறிந்திருத்தல் வேண்டும். அல்லது ஆட்டத்தைச் சமமாக்கக் கூடியவர் தளத்திலோ, மட்டையுடனோ, அடுத்த மட்டையாளராகவோ இருக்கும் நெருக்கடியில் வந்திருத்தல் வேண்டும். அல்லது மூன்று இன்னிங்ஸேனும் எறிந்திருத்தல் வேண்டும். காக்க வந்து முன்னிலையை இழந்தவர்க்குக் ‘காப்புத் தவறியது’ என்னும் குறிப்பும் ஏறும்.

இக்கணக்கும் முழு நீதி செய்யவில்லை. ஒன்பதாம் இன்னிங்ஸில் முடிப்பவர்க்குக் காப்பு கிடைக்கின்றது. ஏழாவதில் மூன்று தளமும் நிறைந்திருந்தபோது வந்து மீட்டவர்க்கு அது கிடைப்பதில்லை. ஆட்டம் உண்மையில் காக்கப்பட்டது எவ்விடத்தில் என்பது ஏட்டைப் படிப்பவர்க்கு எளிதிற் புலப்படாது.

இருவர் உயர்ந்த வரலாறு

கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ்க்கூடத்துக்கு முதல் தேர்வு நடந்தது 1936இல். பெரும்பாலும் மாற்றெறிஞராகவே விளங்கிய ஒருவர் அங்கு இடம்பெற 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் ஹோய்ட் வில்ஹெல்ம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று மீண்ட அவர், முப்பதை நெருங்கும் வயதில், 1952இல்தான் மேஜர் லீக்கில் நுழைந்தார். ‘நக்கிள்பால்’ என்னும் சுழலாத மென்பந்தே அவர் படைக்கலம். சுழற்சி இன்மையால் அப்பந்து காற்றில் அலைந்து, பிடிப்பவரையே தடுமாறச் செய்யும். கைக்கு வருத்தமும் குறைவு. அதனால் ஐம்பது வயதை எட்டும்வரை, 1972 வரை எறிந்து, 1,070 ஆட்டங்களில் பங்குகொண்டார்.

மற்றொருவர் பனாமா நாட்டு மீனவர் மகனாகிய மரியானோ ரிவேரா. 1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 652 காப்புகள் ஈட்டினார். மேஜர் லீக்கில் இதுவே மிகுதி. இறுதியில் சற்றே விலகி முறியும் ‘கட்டர்’ என்னும் ஒரே வகை எறியை நம்பியே அவர் தொழில் நடந்தது. 2019இல் வாக்களித்தோர் அனைவரின் ஒப்புதலும் பெற்றுப் புகழ்க்கூடம் புகுந்த முதல்வர் அவரே. அத்தகையவரும் 2001 ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், 2-1 என்ற முன்னிலையை எட்டாம் இன்னிங்ஸில் காக்க வந்து, ஒன்பதாவதில் 3-2 எனத் தோற்றார். அரிசோனா அணி பட்டம் பெற்றது. தொடக்க எறிஞர் முதல் இன்னிங்ஸில் செய்த தவற்றைத் திருத்த எட்டு இன்னிங்ஸ் உண்டு. கடைசியில் வருபவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஈட்டி எறிந்த கை

இனி ரிங்கு சிங்கின் வாழ்க்கையை நோக்குவோம். 2008 மார்ச்சில் கோலாலம்பூரின் கின்ராரா ஓவல் திடலில், விராட் கோலி தலைமையில் இந்திய இளைஞர் அணி 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டில், ஏறத்தாழ அதே வயதினரான வேறு இருவர், இந்தியாவில் அன்று எவரும் பொருட்படுத்தாத ஓர் ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்கர் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரில் இந்தியாவெங்கும் எறிதற் போட்டி ஒன்றை நடத்தினார். கிரிக்கெட் நாட்டில் வலுவான கைகள் இருக்கும் என்பது அவர் எண்ணம். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் எறிந்து பார்த்தனர்.

வென்றவர் உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தைச் சேர்ந்த ரிங்கு சிங். லாரி ஓட்டுநரின் மகன். இரண்டாம் இடம் பெற்றவர் தினேஷ் படேல். இருவருமே ஈட்டி எறிபவர்கள். கிரிக்கெட் பந்துவீச்சாளர் அல்லர். இது தற்செயலன்று எனலாம். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளலாகாது என்பது விதி. பேஸ்பால் எறிதலோ மடங்கிய முழங்கை சாட்டைபோல் விரிவதால் வேகம் பெறுவது. ஈட்டி எறிதல் இதற்கு நெருங்கியது. ரிங்கு இடக்கையால் மணிக்கு 87 மைல் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து, ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார். அவ்வேகத்திற் செல்லும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடியும் ஆகாது.

இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று, டாம் ஹவுஸ் என்னும் எறிதற் பயிற்சியாளரிடம் அரிச்சுவடியிலிருந்து கற்றனர். ஆட்டமும் புதிது; ஆங்கிலமும் புதிது. 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அமைப்பு இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இவ்வரலாறே 2014இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்னும் திரைப்படமாயிற்று. அதற்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான். ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சியோடு படம் முடிகின்றது. தொழில் தொடங்குவது அதற்குப் பின்னர்.

மைனர் லீக் படிகள்

மேஜர் லீக்கின் கீழே மைனர் லீக் எனப்படும் பல படிகள் உள்ளன. ரிங்கு எறிந்த நாளில் அடிப்படியில் தொடக்கநிலைக் கழகங்கள். அவற்றுக்கு மேல் குறும்பருவக் கழகங்கள். பின்னர் கீழ் ஏ, உயர் ஏ, இரட்டை ஏ, மும்மை ஏ என ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பலர் நின்றுவிடுவர்.

2009 ஜூலை 4ஆம் நாள் புளோரிடாவில் கல்ப் கோஸ்ட் லீக் ஆட்டத்தில் ரிங்கு முதன்முறை எறிந்தார். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் இந்தியக் குடிமகன் ஒருவர் ஆடியது அதுவே முதல் முறை. அம்மாதம் 13ஆம் நாள் அவர் பெயரில் ஒரு வெற்றியும் எழுதப்பட்டது. தினேஷ் படேல் 2010இன் முடிவில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு தொடர்ந்தார், ஆஸ்திரேலிய லீக்கில் கான்பெரா கேவல்ரி அணிக்கும் எறிந்தார்.

அவர் தொழிலின் முழுமையான பருவம் 2012. அவ்வாண்டு வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்னும் கீழ் ஏ அணிக்கு 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்தார், 65 மட்டையாளரை ஸ்டிரைக்கில் வீழ்த்தினார், சராசரி 3.00. இவ்வெண்களைப் படிக்கக் கற்றால் தொழில் புலப்படும். 72 இன்னிங்ஸை 39 ஆட்டங்களால் வகுத்தால், ஒரு வருகைக்கு இரண்டு இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஓர் இன்னிங்ஸை மட்டும் முடித்துச் செல்லும் பெயர்பெற்றவரின் அளவன்று இது. ஆட்டத்தின் நடுவில் வந்து சுமை தாங்குபவரின் அளவு. சராசரி 3.00 என்றால், 72 இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் 24 ஓட்டங்கள். பிறர் தளத்தில் விட்டுச் சென்றவர்களுள் எத்தனை பேரை அவர் நின்ற இடத்திலேயே நிறுத்தினார் என்பதை அந்த எண் சொல்லாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பேஸ்பாலைக் கையில் தொட்டறியாத ஒருவரின் கணக்கு இது என்பதையும் மறத்தலாகாது.

முழங்கையின் விலை

2013இல் அவர் முழங்கை அறுவைக்கு உட்பட்டார். மீண்டும் மீண்டும் சாட்டைபோல் விரியும் முழங்கையின் உட்புற இணைப்பு நார் அறுந்துபோதல் எறிஞர்க்கு நேரும் தொழில்நோய். உடலின் வேறோர் இடத்து நாணை எடுத்து அங்கே பொருத்தும் மருத்துவத்தை, டாமி ஜான் என்னும் எறிஞருக்கு 1974இல் முதன்முதலிற் செய்தவர் டாக்டர் பிராங்க் ஜோப். டாமி ஜான் 1976இல் களத்துக்குத் திரும்பி 1989 வரை எறிந்தார். அதனால் அவ்வறுவை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

எல்லாருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. ரிங்குவின் அடுத்தடுத்த பருவங்கள் காயத்திலேயே கழிந்தன. 2012இன் நிலையை அவர் மீண்டும் எய்தவில்லை. 2018இல் தொழில்முறை மல்யுத்த மேடைக்குச் சென்றார். அங்கு வீர் மகான் என்னும் பெயரால் அறியப்பட்டார். மேஜர் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் எறிந்ததில்லை.

எதனால் அளப்பது?

மேஜர் லீக்கை எட்டாததால் இதனைத் தோல்வி என்பார் உளர். முதல் இந்தியர் என்னும் புகழ் ஒன்றே போதும் என்பார் வேறு சிலர். இரண்டும் தொழிலின் உள்ளியல்பைத் தொடாத மதிப்பீடுகள்.

கிரிக்கெட்டில் இதற்கு ஒப்புமை உண்டு. 2007 செப்டம்பர் 24இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ஓட்டம் வேண்டும். இந்தியாவுக்கு ஒரு விக்கெட் வேண்டும். பந்து ஜோகிந்தர் சர்மாவிடம் தரப்பட்டது. முதற்பந்து அகலப் பந்து. பின்னர் ஓர் ஆறு ஓட்ட அடி. அடுத்த பந்தில் மிஸ்பா உல் ஹக் தூக்கி அடிக்க, ஸ்ரீசாந்த் பிடித்தார். இந்தியா 5 ஓட்டத்தில் வென்றது. அதன்பின் ஜோகிந்தர் இந்தியாவுக்கு ஆடவே இல்லை. அவருடைய சராசரியைக் கொண்டு அந்த ஓவரை அளக்க முடியுமா?

கோலாலம்பூரிலேயே மற்றொரு சான்று உண்டு. 1909இல் இங்குப் பிறந்த லால் சிங், 1932இல் லார்ட்ஸ் திடலில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் இடம்பெற்றார். அவர் ஆடிய டெஸ்டும் அது ஒன்றே. அன்று பிராங்க் வூல்லியை அவர் ஓட்டத்தில் வீழ்த்த, இங்கிலாந்து 19 ஓட்டத்துக்கு 3 விக்கெட் இழந்து நின்றது. அவர் பெயர் நிலைத்தது களத்தடுப்பால். தடுத்த ஓட்டங்களை எழுதுவதற்கு ஏட்டில் பத்தி கிடையாது. இதற்கு மறுதலை கிள்ளான் பண்டமாரானிலுள்ள பாயுமாஸ் ஓவலில் நிகழ்ந்தது. 2023 ஜூலை 26இல் சீன அணிக்கு எதிராக மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் வீழ்த்தினார். ஏழும் ஸ்டம்பு பெயர்ந்தவை. அனைத்துலக இருபது ஓவர் ஆடவர் ஆட்டத்தில் ஏழு விக்கெட் வீழ்த்திய முதல்வர் அவர். அத்தகைய ஆற்றலை ஏடே முழுமையாகச் சொல்லிவிடும். மாற்றெறிஞர்க்கு ஏட்டோடு, அவர் வந்தபோது ஆட்டம் இருந்த நிலையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

அவ்வாறு படித்தால் ரிங்குவின் 2012 ஆம் ஆண்டு, ஒரு தொழிலாளி தன் தொழிலை முற்றக் கற்றுச் செய்த ஆண்டாகத் தோன்றும். முப்பத்தொன்பது முறை அவர் கையில் பந்து தரப்பட்டது. சிறு நகரத் திடல்களில், பிறர் தொடங்கிய ஆட்டங்களை அவர் தாங்கினார்.

பெயர் ஒன்று தேவை

இத்தொழிலுக்குத் தமிழில் எப்பெயர் பொருந்தும் என்பது ஆசிரியர் எண்ணத்தக்கது. மாற்றெறிஞர் என்பது எளிது. ஆனால் ஒருவர்க்குப் பதிலாக வந்தவர் என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறவில்லை. படையின் முன்னணிக்குத் தூசி, தார் என்றும், பின்னணிக்குக் கூழை என்றும் பழந்தமிழில் பெயர் உண்டு. அதனைக் கொண்டு கூழையெறிஞர் எனின் பொருள் நிறையும். ஆயின் இன்று ‘கூழைக் கும்பிடு’ என்னும் வழக்கால் அச்சொல்லில் இழிவு படிந்துள்ளது. எருமை என்பதோ வகுப்பில் சிரிப்பையே எழுப்பும். பகையைக் கண்டு பெயராது தலை தாழ்த்தி எதிர்நிற்கும் கடாவின் உறுதியைப் புலவர் அச்சொல்லில் கண்டனர் என்பதை இன்று விளக்கியே ஆக வேண்டும்.

ஆதலின் வழக்குக்கு மாற்றெறிஞர் என்பதே போதும். எருமை மறம் என்னும் துறையை மாணவர்க்கு விளக்க நேரும்போது, உடைந்த படையும் ஒற்றை வீரனும் அவர்க்குத் தொலைவாகத் தோன்றினால், தளங்கள் நிறைந்திருக்க மண்மேட்டில் ஏறும் அவ்வெறிஞரைக் காட்டலாம். ரிலீப் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர்க்கு அந்நிலை தானே விளங்கும்.